இரண்டாவது கப்புக்குக் காசு வாங்கலாமா?



பெருநாள் முடிந்த அடுத்த வாரம் ஒரு சகோதரர் ஜும்ஆ தொழுதுவிட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். மகளின் கல்வி உதவி மனு பற்றிக் கேட்க வந்தவர், அந்த வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "உங்ககிட்ட இன்னொண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் கேட்டதைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

பெருநாள் மாலை குடும்பத்தோடு ஒரு பெரிய உணவகத்துக்குப் போயிருக்கிறார்கள். மொத்தம் ஏழு பேர். சிக்கனும் பர்கரும் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, குளிர்பானத்துக்கு மட்டும் இரண்டு கப் வாங்கினார்கள். ஒரு கப் வாங்கினால் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம் என்று அங்கே எழுதிப் போட்டிருந்தது. பிள்ளைகள் இயந்திரத்துக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கப்பில் ஏழு பேரும் வயிறு முட்டக் குடித்தார்கள். பத்து வருடமாகச் சுகருக்கு மாத்திரை சாப்பிடும் அவருடைய உம்மாவும் குடித்தார். வேண்டாம் என்று மகன் தடுத்தபோது, "காசு குடுத்தாச்சுல்ல, சும்மாதானே தர்றான்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை வீட்டில் இருந்த கருவியில் பார்த்தால் சர்க்கரை 300ஐத் தாண்டி நின்றது.

இது ஒரு பக்கம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் கேட்டானாம்: "வாப்பா, நாம ரெண்டு கப்புக்குத்தானே காசு குடுத்தோம்? ஏழு பேர் குடிச்சோமே, அது ஹலாலா?" வாப்பாவிடம் பதில் இல்லை.

அந்தச் சகோதரர் எங்களிடம் கேட்டது இதுதான்: "இந்த ரீஃபிலுக்கு அவங்களே காசு வாங்கிட்டா இந்த வம்பே இல்லையே? கடைக்காரர் காசு வாங்குறது சரியா, சும்மா குடுக்குறது சரியா?"

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சர்க்கரை போட்ட குளிர்பானத்தை மறுபடி நிரப்பினால் அதற்குக் காசு வாங்குவதுதான் சரி. தண்ணீருக்குக் காசு வாங்காமல் இருப்பதும் அதே அளவு சரி. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது?

இலவச ரீஃபில் அமெரிக்காவில் வளர்ந்த வழக்கம். 1980களின் கடைசியில் அங்கே உள்ள துரித உணவுக் கடைகள் குளிர்பான இயந்திரத்தைக் கல்லாவுக்குப் பின்னால் இருந்து எடுத்து, சாப்பிடுகிறவர்கள் உட்காரும் பக்கத்தில் வைக்கத் தொடங்கின. கப்பைக் கையில் கொடுத்துவிட்டால் மற்றதை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வார். ஊற்றிக் கொடுக்க ஆள் வேண்டாம், வரிசையும் குறையும். அந்த நிறுவனங்கள் கடல் கடந்து போன இடமெல்லாம் இந்த வழக்கமும் கூடவே போனது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் நம் வீடுகளில் பலர் உண்டு. அவர்களுக்கு இது பழக்கமானதுதான்.

அந்த இயந்திரத்தில் குளிர்பானம் தயாராக நிரப்பி வைக்கப்பட்டிருக்காது. உள்ளே ஒரு பெட்டியில் கெட்டியான சர்க்கரைப் பாகு பை பையாக இருக்கும். பக்கத்தில் கரியமில வாயு சிலிண்டர். குழாயில் வரும் நீரைச் சுத்திகரித்து, குளிர்வித்து, அதில் வாயுவை ஏற்றுவார்கள். நாம் கப்பை வைத்து அழுத்தும்போது ஒரு பங்கு பாகும் சுமார் ஐந்து பங்கு சோடா நீரும் கலந்து விழுகின்றன. 20 லிட்டர் பாகு இருந்தால் 120 லிட்டர் குளிர்பானம் கிடைக்கும். அதை 300 மில்லி கப்பில் ஊற்றினால் 400 கப். ஐஸ் போட்டால் இன்னும் கூடும்.

ஆக, கப்பில் விழும் பானத்துக்குக் கடைக்காரர் செலவழிப்பது சிறு தொகைதான். காகிதக் கப், மூடி, உறிஞ்சுகுழல், ஐஸ், இயந்திரம், கரண்டு, கடை வாடகை, ஆள் சம்பளம் என்று சுற்றிலும் இருப்பதுதான் பெரிய செலவு. முதல் கப்பின் விலையில் இவையெல்லாம் அடங்கிவிடுகின்றன. இரண்டாவது முறை அதே கப்பில் நிரப்பும்போது கடைக்காரருக்கு ஆகும் செலவு உண்மையிலேயே குறைவு. இதை நாம் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கப்புக்கு முழு விலை வாங்குவது நியாயமில்லை என்று யாராவது சொன்னால், அதில் பொருள் இருக்கிறது. ஆனால் செலவு குறைவு என்பது வேறு, செலவே இல்லை என்பது வேறு.

சும்மா கொடுப்பது யார்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு கடைக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். ஆறு பேர் ஒரு கப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்று பேர் இரண்டு கப் குடிக்கிறார்கள். ஒருவர் நாலு கப் குடிக்கிறார். ஆறும் ஆறும் நாலும் சேர்த்தால் பதினாறு கப். ஒரு கப்புக்குச் சராசரியாக 15 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 240 ரூபாய். ரீஃபில் இலவசம் என்றால் இந்த 240 ரூபாயையும் பத்துப் பேரிடமும் சமமாகத்தான் வசூலிக்க முடியும். தலைக்கு 24 ரூபாய். லாபம் இதற்கு மேல்.

ஒரு கப் குடித்தவர் 15 ரூபாய்ப் பொருளுக்கு 24 கொடுத்தார். நாலு கப் குடித்தவர் 60 ரூபாய்ப் பொருளை 24க்கு வாங்கினார். கடைக்காரர் தன் கையிலிருந்து ஒரு காசும் போடவில்லை. அளவோடு குடித்த ஆறு பேர் சேர்ந்து, அளவு தாண்டிக் குடித்தவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

நாலு கப் குடித்தவருக்கு இதனால் நன்மை வந்ததா என்றால், அதுவும் இல்லை. அந்த ஆறு பேரின் காசு அவர் உடம்புக்குள் சர்க்கரையாகப் போயிருக்கிறது. இலவச ரீஃபிலின் உண்மையான விலை இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது: ஒன்று அளவோடு நிற்பவரின் பையில், மற்றொன்று நிற்காதவரின் உடம்பில்.

சால்னாவுக்கு வாங்கவில்லையே, இதற்கு மட்டும் ஏன்?

இப்படிக் கேட்கத் தோன்றும். பரோட்டாக் கடையில் இரண்டாவது முறை சால்னா கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள். பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் கேட்கக் கேட்க வருகின்றன. முழுச் சாப்பாட்டில் சாம்பாரும் ரசமும் எத்தனை முறை வேண்டுமானாலும் உண்டு. அதற்கெல்லாம் தனியாக பில் போடுகிற கடையை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை.

ஆனால் சால்னாவுக்கு ஓர் எல்லை தானாகவே இருக்கிறது. பரோட்டா தீர்ந்தால் சால்னாவும் தீர்ந்தது. சோறு முடிந்தால் ரசம் முடிந்தது. வயிறு நிறைந்ததை உடம்பு சொல்லிவிடும். யாரும் சால்னாவை மட்டும் நாலு கப் வாங்கிக் குடிப்பதில்லை. அதனால் ஒருவர் சாப்பிடும் அளவுக்கும் இன்னொருவர் சாப்பிடும் அளவுக்கும் பெரிய வித்தியாசம் வராது. விலையில் அதைச் சேர்த்துவிட்டால் யாருக்கும் அநியாயம் இல்லை.

குளிர்பானம் அப்படிப்பட்டது அல்ல. பர்கர் முடிந்த பிறகும் கப் மேசையில் இருக்கும், இயந்திரமும் அங்கேயே இருக்கும். பேசிக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் குடிக்கலாம். திரவமாக உள்ளே போகும் சர்க்கரை, சோறோ ரொட்டியோ தருவது போன்ற நிறைவை வயிற்றுக்குத் தருவதில்லை. சாப்பிட்ட அளவு உடம்புக்கு உறைப்பதற்குள் இரண்டு கப் இறங்கிவிடுகிறது.

குளிர்பானத்தை நாம் ஒப்பிட வேண்டியது டீயோடு. டீக்கடையில் இரண்டாவது டீ குடித்தால் இரண்டு டீக்குக் காசு. டீ மாஸ்டரை யாரும் கஞ்சன் என்று சொல்வதில்லை. குடித்ததற்குக் காசு கொடுக்கிறோம், குடிக்காதவரிடம் அவர் வாங்குவதும் இல்லை. எல்லோருக்கும் புரிகிற வியாபாரம் அது.

ஒரு கப்பில் எத்தனை கரண்டி?

சர்க்கரை போட்ட சாதாரண கோலா வகைக் குளிர்பானத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. பாட்டிலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், நீங்களே பார்க்கலாம். 300 மில்லிக்கு 32 கிராம். ஒரு டீக்கரண்டி சர்க்கரை 4 கிராம் என்றால், 8 கரண்டி. நம் வீட்டில் ஒரு டம்ளர் டீயில் எட்டுக் கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் யாராவது குடிப்போமா? குளிர்ச்சியும் புளிப்பும் வாயுவும் சேர்ந்து அந்த இனிப்பை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன.

கப்பில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பானம் 200 மில்லி, சர்க்கரை 21 கிராம், அதாவது ஐந்து கரண்டிக்குச் சற்று மேல். மூன்று முறை நிரப்பிக் குடித்தால் சுமார் பதினாறு கரண்டி.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருவர் ஒரு நாளில் பெறும் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வரும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம், 5 சதவீதம் என்பது 25 கிராம். 1,500 கலோரி சாப்பிடும் ஒரு சிறுவனுக்கு 10 சதவீதமே 37 கிராம்தான் வரும். மூன்று கப் குடித்த பிள்ளைக்கு அந்த ஒரு மேசையிலேயே 60 கிராமுக்கு மேல் போய்விட்டது. அன்று காலை குடித்த பெருநாள் பாயசமும் மதியம் சாப்பிட்ட இனிப்பும் தனிக் கணக்கு.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறோம் என்றால், நம் நாட்டில் நிலைமை அப்படி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவோடு நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். நம் தெருவில் ஒவ்வொரு வீடாக எண்ணிப் பாருங்கள். மாத்திரை டப்பா இல்லாத வீடு எத்தனை இருக்கும்? கால் புண் ஆறாமல் விரலை எடுத்தவர்கள், டயாலிசிஸுக்கு உதவி கேட்டு நம்மிடம் மனு கொடுப்பவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர்.

குளிர்பானம் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரம்பரை உண்டு, நடையே இல்லாத வாழ்க்கை உண்டு, மூன்று வேளையும் சோறு, பேக்கரித் தின்பண்டம், ஒரு நாளைக்கு ஐந்து டீ எல்லாம் உண்டு. ரீஃபிலுக்குக் காசு வாங்கினால் சர்க்கரை நோய் ஒழிந்துவிடாது. ஆனால் உடம்புக்கு எந்தச் சத்தும் தராமல் சர்க்கரையை மட்டும் உள்ளே அனுப்பும் வழி இது. தேவையில்லாமல் திறந்து கிடக்கும் இந்தக் கதவைச் சாத்துவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

பிரான்ஸ் நாட்டில் 2017 ஜனவரியில் ஓர் அரசாணை வந்தது. உணவகங்கள், ஹோட்டல்கள், பள்ளிகள் என்று பொதுமக்கள் வரும் இடங்களில் சர்க்கரையோ செயற்கை இனிப்போ சேர்த்த குளிர்பானங்களை அளவில்லாமல் கொடுக்கக் கூடாது என்றார்கள். இலவசமாகவும் கூடாது, ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் என்று கொடுப்பதும் கூடாது. அதே நாட்டில், சாப்பிட வந்தவர் கேட்டால் குழாய் நீரை உணவகம் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். சர்க்கரைக்கு எல்லை, தண்ணீருக்கு எல்லை இல்லை. எங்களுக்கு இது பொருத்தமாகப் படுகிறது.

இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 1 முதல் சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களுக்கு இலவச ரீஃபில் கொடுக்கத் தடை வந்திருக்கிறது. ஐம்பதுக்கும் குறைவான பணியாளர்கள் உள்ள சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் வேறு வழியில் முயன்றது. 2012இல் அப்போதைய மேயர் மைக்கேல் புளூம்பெர்க், உணவகங்களில் 16 அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 470 மில்லிக்கு மேற்பட்ட கப்பில் சர்க்கரைக் குளிர்பானம் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார். ஆனால் அந்த விதி ரீஃபிலைத் தடுக்கவில்லை. சின்னக் கப்பில் நாலு முறை நிரப்பிக்கொள்ள வழி இருந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது இந்த ஓட்டையும் பேசப்பட்டது. 2014இல் அந்த மாநிலத்தின் உச்ச அமர்வு விதியைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. நகர சுகாதார வாரியத்துக்கு அப்படி ஒரு விதி போடும் அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். கப்பைச் சின்னதாக்கி ரீஃபிலை விட்டுவைத்தால் பயன் குறைவு என்பதை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2017இல் குளிர்பானங்கள் மீது 50 சதவீத வரி போட்டன. நம் நாட்டிலும் இந்தப் பானங்கள் மீது வரி அதிகம். முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 12 சதவீத செஸ்ஸும் இருந்தன; 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே 40 சதவீதம். அரசுகள் இப்படி வரி போட்டு விலையை ஏற்றும்போது, கடையில் இரண்டாவது கப் முதல் அளவில்லாமல் சும்மா கிடைப்பது முரண்தான்.

கடைக்காரர்கள் சொல்வதையும் கேட்போம்

நம் சமுதாயத்தில் உணவகம் நடத்துபவர்கள் நிறைய. அவர்கள் பக்கத்தையும் பார்க்காமல் எழுதினால் அது நியாயமாகாது. இதுபற்றிச் சிலரிடம் பேசினோம்.

"எனக்குச் செலவே ரெண்டு மூணு ரூபாதான். அதுக்குக் காசு வாங்கினா பேராசை ஆகாதா?" என்றார் ஒருவர். செலவு குறைவு என்றால் அந்த நன்மையை முதல் கப்பின் விலையைக் குறைத்துக் கொடுக்கலாமே என்றோம். அப்போது ஒரு கப் குடிப்பவருக்கும் அது போய்ச் சேரும். இரண்டாவது கப்புக்கு அரை விலையோ கால் விலையோ வைக்கலாம். விலை எவ்வளவு என்பது முக்கியமல்ல. மறுபடி எழுந்து போகும் முன் "வேண்டுமா?" என்று ஒரு நொடி யோசிக்க வைக்கும் அளவுக்கு ஒரு விலை இருந்தால் போதும்.

"நான் வாங்கினா ஆளுங்க எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க" என்றார் இன்னொருவர். இது உண்மையான கஷ்டம். பிரான்ஸும் இங்கிலாந்தும் சட்டம் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் ஒருவர் மட்டும் நஷ்டப்பட வேண்டியதில்லை. இங்கே அந்தச் சட்டம் இல்லாதவரை, கடைக்காரர்கள் ஒரு தெருவிலாவது கூடிப் பேசிக்கொள்ளலாம். சும்மா கொடுத்துத்தான் கூட்டம் சேர்க்க வேண்டும் என்றால், குளிர்ந்த நல்ல தண்ணீரும் ஒரு டம்ளர் மோரும் கொடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார்கள் அந்தக் கடையை மறக்க மாட்டார்கள்.

"பெரியவங்க அவங்க இஷ்டத்துக்குக் குடிக்கிறாங்க, நாம யாரு தடுக்க?" என்பது மூன்றாவது பதில். யாரும் தடுக்கவில்லை. காசு கொடுத்தால் பத்துக் கப்பும் குடிக்கலாம். மேலும், இயந்திரத்துக்கு முன்னால் அதிக முறை நிற்பவர்கள் பெரியவர்கள் அல்ல, எட்டு வயதுப் பிள்ளைகள்.

"ஏழைக் குடும்பம் ஒரு நாளாவது ஆசை தீரக் குடிச்சுட்டுப் போகட்டுமே" என்று ஒரு சகோதரர் சொன்னது மனதைத் தொட்டது. அவருடைய நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடிய நன்மை, குறைந்த விலையில் ஒரு சின்னக் கப். பின்னாளில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்கப்போவதும் பெரும்பாலும் அதே போன்ற குடும்பங்கள்தான்.

இரண்டு கப்பில் ஏழு பேர்

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம்.

நாங்கள் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. மார்க்கத் தீர்ப்பை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபாரத்தில் விலையும் அளவும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பாடம். எவ்வளவு வேண்டுமானாலும் என்று விற்கும்போது அளவு தெரியாதே என்ற கேள்வி எழுகிறது. ஒருவர் சராசரியாக எவ்வளவு சாப்பிடுவார் என்பது வழக்கத்தில் தெரிந்ததுதான், அதனால் கூடும் என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அனுமதி ஒருவர் சாப்பிடும் அளவை வைத்துத்தான். ஒரு கப்பை வைத்து நாலு பேர் குடிப்பதை விற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், நாம் பேசிய பேச்சை மீறியிருக்கிறோம்.

எனவே எளிய வழி, கேட்டுவிடுவது. "ஒரு கப்பைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாமா?" என்று கல்லாவில் கேளுங்கள். சரி என்றால் மனம் நிம்மதி. இல்லை என்றால் இன்னொரு கப் வாங்குங்கள், அல்லது தண்ணீர் குடியுங்கள். யாரும் பார்க்கவில்லை என்பதால் ஒரு விஷயம் ஹலால் ஆகிவிடாது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த மகனைப் பற்றி அவனுடைய வாப்பா பெருமைப்பட வேண்டும் என்று அவரிடமே சொன்னோம்.

கடை ஒவ்வொரு கப்புக்கும் காசு வாங்கினால் இந்தச் சந்தேகமே எழாது. குடித்ததற்குக் கொடுத்தோம், கொடுத்ததற்குக் குடித்தோம். இருதரப்புக்கும் மனக்கிலேசம் இல்லாத வியாபாரம் அது.

உம்மா சொன்ன "காசு குடுத்தாச்சுல்ல" என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. வீணாகக் கூடாது என்ற எண்ணத்தில்தான் அவர் குடித்தார். ஆனால் இயந்திரத்தில் மிச்சம் இருப்பது வீணாகப் போவதில்லை, அது கடைக்காரரின் பொருள். தேவைக்கு மேல் வயிற்றில் இறங்குவதுதான் வீண்விரயம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

நம் மண்டபத்திலும் ஒரு ரீஃபில் உண்டு

கடைக்காரரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. நம் வலீமா விருந்துகளை நினைத்துப் பாருங்கள். பிரியாணிச் சஹன் வைத்த கையோடு பெரிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் வரிசையாக வருவார்கள். கப் பாதியாவதற்குள் மறுபடி நிரப்புவார்கள். வேண்டாம் என்றால் "அட, குடிங்க மாமு" என்று ஊற்றிவிடுவார்கள். உபசாரம்தான். ஆனால் உட்கார்ந்திருக்கும் மாமுவுக்குச் சுகர் இருக்கிறது, மறுக்கக் கூச்சமும் இருக்கிறது. விருந்து முடிந்து மேசையைத் துடைக்கும்போது பாதி குடித்த கப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

ஆகவே சில வேண்டுகோள்கள்.

குடும்பங்களுக்கு: வெளியே சாப்பிடப் போனால் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் கேளுங்கள். தாகத்தைத் தண்ணீரால் தீர்த்துவிட்டால் குளிர்பானம் ஆசைக்கு மட்டும்தான், அதற்கு ஒரு சின்னக் கப் போதும். ரீஃபில் இலவசமாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு "ஒரு கப்" என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கடையில் வைத்து மறுத்தால் அழுகைதான் மிஞ்சும்.

சுகர் உள்ளவர்களுக்கு: சர்க்கரை இல்லாதது என்று எழுதிய பானம் என்றால் கணக்கில்லாமல் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.  உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கடை நடத்தும் சகோதரர்களுக்கு: இரண்டாவது கப்புக்கு ஒரு விலை வையுங்கள், அதைப் பலகையில் தெளிவாக எழுதுங்கள். முதல் கப்பின் விலையை அதற்கேற்பக் குறையுங்கள். 200 மில்லி கப் ஒன்றும் வைத்திருங்கள். ஒவ்வொரு மேசையிலும் கேட்காமலேயே ஒரு ஜக்கு தண்ணீர் வையுங்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, மோர் இவற்றையும் விலைப்பட்டியலில் சேருங்கள்.

விருந்து வைப்பவர்களுக்கும் இஃப்தார் ஏற்பாடு செய்பவர்களுக்கும்: கேட்டவருக்கு மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். கோலாவை எடுத்துவிட்டு ரோஸ்மில்க்கும் நன்னாரி சர்பத்தும் அதே அளவு ஊற்றினால் பெயர்தான் மாறும், சர்க்கரை மாறாது. நம் அறக்கட்டளை நடத்தும் நிகழ்ச்சிகளில் இனிமேல் தண்ணீரும் மோரும்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். விருந்தினரைக் கவனிக்கவில்லை என்று தயவுசெய்து யாரும் குறையாக எண்ண வேண்டாம்.

மனு கொடுத்துவிட்டுப் போன சகோதரர் சென்ற வாரம் மறுபடி வந்தார். உம்மாவுக்கு இப்போது சர்க்கரை இறங்கியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். மகன் விடாமல் கேட்டதால் அந்த உணவகத்துக்குப் போய், அன்றைக்கு இரண்டு கப்பில் ஏழு பேர் குடித்ததைச் சொல்லி, மீதிக் கப்புகளின் காசைக் கொடுத்தாராம். கல்லாவில் இருந்த தம்பி எப்படி பில் போடுவது என்று தெரியாமல் விழித்தாராம். மேலாளர் வந்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகன் மனம் அமைதியாயிற்று.

வல்ல அல்லாஹ் நம் உணவிலும் நம் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக. நோயுற்றோருக்கு நிறைவான ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.